வியாழக்கிழமைச் சந்தை

நேற்று மத்தியானம் லா சப்பலில், ரூ பஜோல் தெருவில் மழை பிடித்துக்கொண்டது. தேருக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. கோயிலுக்குக் கிட்டத் தண்ணீர்ப்பந்தல் போடுவதற்காக இரண்டு பேர் ஒரு பச்சைத் தார்ப்பாயை விரித்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் காய்ந்து கிடந்த தார்ப்பாயில் மழை விழுந்ததும் ஒரு மணம் எழும்பியது. றப்பரும் புழுதியும் பழைய எண்ணெயும் கலந்த மணம். தைத்து முடித்த பிளவுசுகள் நிறைந்த பையைக் கையில் பிடித்தபடி நடைபாதையின் நடுவில் நின்றுவிட்டேன். உம்முடைய கடையின் மணம் அது.

அதற்குப் பிறகு என்னால் வேலைக்குத் திரும்ப முடியவில்லை. கார் து நோர் ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடியும் நடந்தேன். புடவைக்கடை முதலாளி இரண்டு தரம் ரெலிபோன் எடுத்தார். மார்ச் மாதத்திலிருந்து எனக்கு இப்படித்தான். இருந்தால் எழும்பவேண்டும் போல் இருக்கும். எழும்பினால் எங்கே போவதென்று தெரியாது. வீட்டுக்குள் நான் நடக்கிற நடையைப் பார்த்துவிட்டு மகள் பிரெஞ்சில் டொக்டரின் பெயர் ஒன்றைச் சொல்லுகிறாள். டொக்டரிடம் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. உமக்குச் சொல்லவேண்டியது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோனில் சொல்லாமல் விட்டதை எழுதியாவது பார்க்கிறேன்.

ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் இருந்த அந்த ஹோட்டலில்தான் நாங்கள் அறிமுகமானோம். அறை துப்புரவாக்கும் வேலை. விரிப்பின் ஒரு தலைப்பை நீரும் மறு தலைப்பை நானும் பிடித்து உதறுவோம். நான் கட்டிலைப் பார்ப்பேன், நீர் ஜன்னலைப் பார்ப்பீர். வந்து தங்குகிறவர்களிடம் அவர்கள் எந்த ஊர், அங்கே என்ன விளையும், சந்தை எந்த நாள் என்று கையும் காலும் சேர்த்துக் கேட்பீர். சாவகச்சேரிச் சந்தைக்கு எதிர்வீட்டில் பிறந்தவள் என்பதால் அப்படி என்று நான் ஒருநாள் சொன்னேன். உமக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த ஊர் இப்போது உம்முடைய ஊர் இல்லை, அதைப் பற்றிக் கதைக்கவேண்டாம் என்றீர். நான் பிறகு கதைக்கவில்லை.

ஃபோபூர் சென் தெனித் தெருவிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் சின்னக் கடை ஒன்று வாடகைக்கு இருந்தது. நான் தைப்பது, நீர் துணி விற்பது என்று முடிவெடுத்தோம். கடையைப் போய்ப் பார்த்துச் சுவருக்கு என்ன நிறம் அடிப்பதென்றும் கதைத்து வைத்தோம். திங்கட்கிழமை சொந்தக்காரரிடம் கடைத்திறப்பைக் கையில் வாங்கவேண்டும். சனிக்கிழமை நீர் என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னீர். கையில் பெட்டியோடு நின்றீர்.

“இங்கிலாந்திலை அண்ணைக்குக் கடையிலை ஒரு ஆள் இல்லாமல் கஷ்டமாக் கிடக்காம். ஆறு மாதந்தான். வந்திடுவன்.”

உமக்கு அப்போதே நசியோனலிதே, பிரெஞ்சுக் குடியுரிமை, கிடைத்திருந்தது. எனக்கு வருடா வருடம் பிரிபெக்சர் அலுவலகத்தில் போய் வரிசையில் நின்று புதுப்பிக்கிற வதிவிட அட்டை. லண்டன் ரயிலுக்குப் போகிற அந்தக் கண்ணாடிக் கதவு வரைக்கும்தான் என்னால் வர முடியும். கதவுக்கு அந்தப் பக்கம் நீர் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினீர். நான் காட்டவில்லை. திங்கட்கிழமை தனியே போய், கடை எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆறு மாதம் பதினேழு வருடமானது.

முதல் ஒரு வருடம் நான் உம்முடைய ரெலிபோனை எடுக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஏன் என்று எனக்கே தெரியாது, எடுத்தேன். நீர் மன்னிப்புக் கேட்பீர் என்று காத்திருந்தேன். நேற்றுத்தான் கதைத்துப் பிரிந்தவர்களைப் போலத் தொடங்கினீர்.

“இஞ்சை ஒரு கல்லு கிடக்கப்பா. பஸ்ஸாலை இறங்கி நடந்தா, ஊருக்கு வெளியிலை, றோட்டு முடக்கிலை. நடுவிலை குழி.”

அண்ணையின் கடை இருந்தது ஹேவர்லி என்று எழுதி ஹேர்லி என்று சொல்லுகிற ஊரில். அந்த ஊரைப் பற்றி நான் கேட்ட முதற்கதை அந்தக் கல்தான். எத்தனையோ நூறு வருடத்துக்கு முன் ஊருக்குள் கொள்ளைநோய் வந்ததாம். சுற்றியிருந்த கமக்காரர் உள்ளே வரப் பயந்தார்களாம். முட்டையையும் மாவையும் அந்தக் கல்லடியில் வைத்துவிட்டுத் தூரப் போய் நிற்பார்களாம். ஊர்ச்சனம் வந்து, நோய் தொற்றாதபடி குழிக்குள் ஊற்றி வைத்த வினாகிரிக்குள் காசைப் போட்டுவிட்டுச் சாமானை எடுத்துக்கொண்டு போகுமாம். ஒருவர் முகத்தை ஒருவர் கிட்டத்தில் பார்க்காமலே சந்தையை நடத்தியிருக்கிறார்கள் என்று நீர் சொன்னபோது உம்முடைய குரலில் ஒரு பெருமை இருந்தது. ஒரு வருடம் கதையாமல் இருந்தவளுக்குச் சொல்ல உமக்குக் கல்லுத்தான் கிடைத்ததா என்று எனக்குள் எரிந்தது. ஆனாலும் ஒரு மணித்தியாலம் கேட்டேன்.

அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் பத்து மணி. நான் பியர்ஃபித்தில் இருக்கிற என் வீட்டில் உடுப்புக்கு ஸ்திரிக்கை போட்டுக்கொண்டு கேட்பேன். சண்டைக்குக் காசில்லாத ஒரு ராசா, வியாழக்கிழமைகளில் சந்தை கூட்டலாம் என்று ஆட்டுத்தோலில் எழுதிக் கொடுத்த கதை. மூன்று திசைகளிலிருந்து செம்மறி மந்தைகள் வந்து சேர்ந்ததால் சந்தைவெளி முக்கோணமாகிப் போன கதை. கம்பளி விற்ற பணத்தில் கட்டிய தேவாலயம், ஊர்ச்சனம் முழுவதும் வந்து உட்கார்ந்தாலும் பாதி மரவாங்கு வெறுமையாகக் கிடக்கிற அளவு பெரிது. பிறகு கம்பளி வியாபாரம் வடக்கே ஆலைகளுக்குப் போய்விட்டது, தேவாலயம் மட்டும் நின்றது. குதிரைவண்டிகள் தங்கிப் போன சத்திரத்தின் வாசல் உயரம், வண்டிக் கூரையில் இருக்கிறவன் தலை இடிபடாமல் போவதற்காக என்றீர். ரயில் வரப் பார்த்தபோது, புகை மந்தைக்கு ஆகாது என்று ஒரு நிலச்சொந்தக்காரர் மறித்துவிட்டார். பாதை ஊரை விட்டு விலகிப் போயிற்று. அந்த மனிசன் ஊரைக் கெடுத்தாரா காப்பாற்றினாரா என்று சாராயக்கடைகளில் இன்றைக்கும் தர்க்கம் நடக்கிறதாம். முதலில் நீர் கெடுத்தார் என்ற கட்சி. பத்து வருடம் போனபிறகு மற்றக் கட்சிக்கு மாறிவிட்டீர்.

எல்லாம் பெருமைக் கதைகள் இல்லை. வருடத்துக்கு ஒரு நாள் அந்த வெளியில் வேலையாட்களைக் கூலிக்குப் பிடிக்கிற சந்தை நடந்ததாம். மேய்ப்பன் தொப்பியில் கம்பளித் துண்டு செருகிக்கொண்டு நிற்பான். வீட்டு வேலைக்கு வருகிற பெண்கள் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எசமான்கள் வந்து பல்லைப் பார்க்காத குறையாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போவார்கள். “எங்களைப் போலைதான். தும்புத்தடியோடை நிண்டிருக்குதுகள்,” என்றீர்.

இரண்டு வருடத்தில் அண்ணை கடையை விற்றுவிட்டு லண்டன்பக்கம், ஹரோவுக்குப் போனார். கோயில், தமிழ்க்கடை, சொந்தக்காரர் எல்லாம் அங்கே. உம்மையும் வரச் சொன்னார். நீர் போகவில்லை. அங்கே தமிழ்ச்சனம் ஒருவரும் இல்லையே என்று நான் கேட்டேன்.

“இல்லைத்தான். ஆனா வியாழக்கிழமை இருக்கு,” என்றீர்.

சந்தையில் உமக்குத் தந்த இடம், மழைத்தண்ணீர் வழிந்தோடுகிற கடைசி மூலை. புதிதாய் வருகிறவருக்கு அங்கே அதுதான் முறை. மேலே இருக்கிற ஒருவர் விட்டுப் போனால்தான் கீழே இருப்பவர் ஓரிடம் நகரலாம். பொரித்த ரோல்சும் மாங்காய்ச் சட்னியும் வைத்துக்கொண்டு பச்சைத் தார்ப்பாயின் கீழ் நின்றீர். முதல் மாதம் ஒருவரும் வாங்கவில்லை. பக்கத்தில் முட்டை விற்ற மேவிஸ் என்ற மனிசி ஒரு ரோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மோசமில்லை என்றாவாம். அவமானமாய் இருக்கிறது என்று என்னிடம் அழாத குறையாகச் சொன்னீர். அந்த ஊரில் அதற்கு மேலே ஒரு புகழ்ச்சி கிடையாது என்று உமக்குத் தெரியவர ஒரு வருடம் எடுத்தது. எந்த ஊர், ஏன் வந்தாய் என்று அவர்கள் கேட்கவே மாட்டார்கள். மூன்று வருடம் மழையைப் பற்றியே கதைப்பார்கள். பிறகு ஒருநாள், தாங்கள் விடுமுறைக்குப் போகிறோம், பூனைக்குச் சாப்பாடு வை என்று வீட்டுத் திறப்பைக் கையில் தந்துவிடுவார்கள். கடைசி மூலையிலிருந்து, முந்தி வெண்ணெய் விற்றதால் வெண்ணெய் மண்டபம் என்கிற கட்டிடத்தின் தூணடி வரைக்கும் நகர்ந்து வர உமக்குப் பதினொரு வருடம் ஆனது. அந்த ஞாயிற்றுக்கிழமை நீர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது.

கதை முடிகிறபோது கேட்பீர்: “நீர் எப்ப வாறீர்?”

நான் சொல்லுவேன்: “பேப்பர் சரிவரட்டும்.”

முதலில் அது உண்மை. அட்டையோடு இங்கிலாந்துக்கு விசா எடுப்பது எங்களைப் போன்றவர்களுக்கு லேசான காரியம் இல்லை. ஆனால் நாலு வருடத்துக்கு முன் எனக்கும் நசியோனலிதே கிடைத்தது. பிரிபெக்சரில் எழும்பி நின்று அவர்களுடைய தேசிய கீதத்துக்கு வாயசைத்துவிட்டு, கடிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த ஞாயிறு நீர் கேட்டீர். பேப்பர் சரிவரட்டும் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். பயம் இல்லை. நேரம் இல்லாமலும் இல்லை. நீர் என்னை விட்டுவிட்டுப் போன சனிக்கிழமைக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று இருந்தேன். அந்த வார்த்தை வரும்வரைக்கும் நான் வரமாட்டேன் என்று இருந்தேன். உமக்கு அதைச் சொல்லவுமில்லை. கல்லையும் மந்தையையும் ராசாவையும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன், நீர் சொல்லவேண்டியதை மட்டும் சொல்லவில்லை என்று உள்ளுக்குள் கணக்கு வைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாரியில் ஊர்ச்சபை ஒரு திட்டம் கொண்டுவந்தது. சந்தையை ஊருக்கு வெளியே, பெரிய சுப்பர்மார்க்கெட்டுக்குப் பக்கத்து வெளிக்கு மாற்றுவது, முக்கோண வெளியைக் கார் நிறுத்த விடுவது. கடைகள் குறைந்துவிட்டன, மாரிகாலத்தில் சந்தை என்று சொல்லவே ஒன்றும் இல்லை என்பது அவர்களுடைய நியாயம். ஒரு வியாழக்கிழமை பின்னேரம் கூட்டம் வைத்துத் தீர்மானிக்கப் போகிறார்கள் என்றீர். சந்தைக்காரர்கள் பேசுவதற்கு உம்மைத்தான் பிடித்திருந்தார்கள். பழைய ஏடுகளையெல்லாம் நூலகத்தில் இருந்து வாசித்தவள் நீர் ஒருத்திதான் என்று மேவிஸ் சொல்லிவிட்டாவாம்.

அதற்கு முந்திய ஞாயிறு நீர் ஊர்க்கதை ஒன்றும் சொல்லவில்லை.

“இந்தக் கிழமை ஒருக்கா வாருமப்பா. தமிழிலை ஒராள் பக்கத்திலை இருந்தா எனக்கு இங்கிலீசு வரும்.”

பதினேழு வருடத்தில் நீர் என்னிடம் கேட்ட ஒரே உதவி அதுதான். நான் ஸ்திரிக்கைப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். “பேப்பர் இன்னும் சரிவரேல்லை,” என்றேன்.

நீர் சரி, பரவாயில்லை என்றுவிட்டு முட்டை விலையைப் பற்றிக் கதைத்தீர். அந்தச் ‘சரி’யில் என்ன இருந்தது என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

புதன் பின்னேரம் அங்கே பனி கொட்டத் தொடங்கியதாம். விடியும்போது முழங்காலளவு. கமக்காரரின் வான்கள் ஒன்றும் வரமுடியாது. யுத்த காலத்தில்கூடத் தப்பாத வியாழக்கிழமை அது. ஒரு கடையும் இல்லாத வெளியைச் சபைக்காரர் ஜன்னலால் பார்த்துவிட்டுப் பின்னேரம் கையுயர்த்தினால் கதை முடிந்தது. நீர் பக்கத்து வீட்டில் பனிச்சறுக்குப் பலகை ஒன்றை வாங்கி, அதன்மேல் மேசைக்கால்களையும் தார்ப்பாயையும் கட்டி இழுத்துக்கொண்டு போனீர். தூணடியில் கடையை நிறுத்தினீர். ஒன்பது மணிக்குச் சந்தை மணி அடிக்கிறவர் வந்து, ஒரு கடைக்கு மணி அடிக்கலாமோ என்று யோசித்துக்கொண்டு நின்றாராம். அடியுங்கோ என்றீராம். அடித்தாராம். மணிச்சத்தம் கேட்டுச் சனம் கதவு திறந்து பார்த்ததாம். கொஞ்ச நேரத்தில் மேவிஸ் ஒரு தட்டு முட்டையைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு பனிக்குள்ளால் நடந்து வந்தாவாம். பதினொரு மணிக்கு உம்முடைய ரோல்ஸ் முடிந்துவிட்டது.

பின்னேரம் கூட்டத்தில் நீர் எழுதிப் பாடமாக்கியது முழுவதும் மறந்து போயிற்று. எழும்பி நின்று, இன்று காலை சந்தை நடந்தது என்று ஒரு வசனம் சொல்லிவிட்டு இருந்துவிட்டீர். அதை எனக்குப் பகிடியாகத்தான் சொன்னீர். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதது உமக்குக் கேட்டிருக்காது.

தீர்மானம் பாதிக்குப் பாதி. வெளியில் பாதி சந்தைக்கு, பாதி கார்களுக்கு. இரண்டு கிழமை நீர் கொதித்துக்கொண்டிருந்தீர். மூன்றாம் கிழமை குரல் மாறியிருந்தது. இந்த ஊரின் குணமே இதுதான், எண்ணூறு வருடமாய்ப் பாதி பாதியாய் விட்டுக்கொடுத்துத்தான் மிஞ்சியிருக்கிறது என்றீர். நெஞ்சுக்குள் குளிர் பிடித்துவிட்டது, மற்றப்படி சுகம் என்றும் சொன்னீர். நான் இஞ்சி போட்டுத் தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன்.

மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை, நான் கடையில் கழுத்துப்பட்டி வெட்டிக்கொண்டிருந்தபோது இங்கிலாந்து இலக்கம் ஒன்று வந்தது. மேவிஸ். பள்ளிக்கூடத்தில் எப்போதோ படித்த பிரெஞ்சில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னா. செத்துப்போனா என்ற சொல் அவவுக்குத் தெரியவில்லை. உங்கள் சிநேகிதி முடிந்துவிட்டா என்றா. மணி அடித்தும் நீர் வரவில்லை என்று வீட்டுக்கு வந்து பார்த்திருக்கிறா. அடுப்படிக் கதிரையில் சப்பாத்துப் போட்டபடி இருந்தீராம்.

தகனம் இரண்டு கிழமை கழித்து, புதன்கிழமை என்றார்கள். மகள் என் பாஸ்போட்டை வாங்கிக் கைத்தொலைபேசியில் ஏதோ நிரப்பினாள். தேத்தண்ணி ஆறுவதற்குள் இங்கிலாந்துக்குப் போக அனுமதி வந்துவிட்டது. அவளுக்கு அது ஒன்றுமில்லை. நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை அந்தக் கண்ணாடிக் கதவைக் கடந்தேன். லண்டனில் இறங்கி, வேறொரு ரயில் ஏறி, நிலச்சொந்தக்காரர் மறித்த புண்ணியத்தால் ஊருக்கு வெளியே இறங்கி, பஸ் பிடித்தேன். மேவிஸ் நிறுத்தத்தில் நிற்பதாகச் சொல்லியிருந்தா. ரயில் பிந்தி, நான் வேறு பஸ்ஸில் வந்தபடியால் அங்கே ஒருவரும் இல்லை. விலாசம் எழுதிய துண்டைப் பெட்டிக்குள் தேடிக்கொண்டே நிமிர்ந்தேன். இடக்கைப் பக்கம் அந்த உயரமான சத்திர வாசல்.

துண்டைத் தேடுவதை விட்டேன். சத்திரத்தைத் தாண்டினால் தேவாலய மதில், மதில் முடிகிற இடத்தில் வெளி விரியும். விரிந்தது. முக்கோணத்தின் ஒரு பாதியில் கார்கள். வெண்ணெய் மண்டபத்தின் தூண்களைக் கடந்து வலப்பக்கம் இறைச்சிக்கடைச் சந்து, கூரைகள் ஒன்றோடொன்று முட்டுமாப்போல் குனிந்து நிற்கும். நின்றன. முந்திச் சேணம் தைத்த கடை, இப்போது ரெலிபோன் திருத்துகிற கடை. அதற்குப் பக்கத்தில் உம்முடைய நீலக் கதவு. கதவடியில் மேவிஸ் நின்றா. நிறுத்தத்தில் காத்திருந்து களைத்து வந்திருந்தா. யாரிடம் வழி கேட்டு வந்தீர்கள் என்று கேட்டா. ஒருவரிடமும் இல்லை என்றேன். அதற்கு மேல் விளங்கப்படுத்த என்னிடம் சொல் இல்லை.

நீர் ஒவ்வொரு ஞாயிறும் கதையைத் தொடங்கியது பஸ் நிறுத்தத்திலிருந்துதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பஸ்ஸாலை இறங்கினா இடக்கைப் பக்கம், என்று. கல்லோ, ராசாவோ, கூலிச்சந்தையோ, எதைச் சொன்னாலும் என்னைப் பஸ்ஸால் இறக்கி, கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய்த்தான் சொல்லியிருக்கிறீர். நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த மன்னிப்பு பதினாறு வருடமாய் ஒவ்வொரு ஞாயிறும் வந்துகொண்டிருந்ததா என்று நினைத்தேன். அப்படி நினைக்க எனக்கு விருப்பம். ஆனால் அது உண்மையோ என்று உம்மிடம் கேட்க முடியாது. அந்த முடியாததுதான் என்னை இருக்கவிடாமல் நடக்க வைக்கிறது.

உம்முடைய அடுப்படியில் மேவிஸ் தேத்தண்ணி ஊற்றித் தந்தா. நான் கோப்பையைத் தொடவில்லை. எனக்குப் பேப்பர் கிடைத்து நாலு வருடமாகிறது, பொய் சொன்னேன் என்று அவவிடம் சொன்னேன். யாரிடமாவது சொல்லவேண்டியிருந்தது. மேவிஸ் கொஞ்ச நேரம் சொல் தேடினா. உங்கள் சிநேகிதிக்கு அது தெரியும் என்றா. உங்களுடைய மகளே அவவுக்குச் சொல்லிவிட்டாளே என்றா.

மகள்தான். நாலு வருடத்துக்கு முந்திய ஒரு ஞாயிறு, நான் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் ரெலிபோனை எடுத்து, அம்மாவுக்கு நசியோனலிதே கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாய்ச் சொல்லியிருக்கிறாள். அதில் மறைக்க என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நாலு வருடம் நீர் தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறீர். நான் பேப்பர் என்று சொன்ன ஒவ்வொரு தரமும் சரி என்றிருக்கிறீர். பனிக்கு முந்திய ஞாயிறும்.

அதற்கு நீர் என்ன சொன்னீர் என்று மேவிசிடம் கேட்டேன். மேவிஸ் சொன்ன பிரெஞ்சை நான் உம்முடைய தமிழில் மாற்றி வைத்திருக்கிறேன்.

“அவ என்னிலை கோவம். கோவிக்கட்டும். நான் விட்டிட்டு வந்தது வந்ததுதானே.”

புதன்கிழமை அண்ணை ஹரோவிலிருந்து வந்தார். பக்கத்து நகரத்தில் எரித்தோம். சந்தைக்காரர் எல்லோரும் வந்து கடைசி வரிசையில் நின்றார்கள், ஒருவரும் சத்தமாய் அழவில்லை. சாம்பலை அண்ணை கொண்டுபோனார். நான் அன்றைக்கே வெளிக்கிடுவதாகத்தான் இருந்தது. மேவிஸ் என் கையைப் பிடித்து, நாளைக்கு வியாழக்கிழமை என்றா. அடுத்த கிழமை உம்முடைய தூணடி கீழிருந்து ஒருவருக்குப் போய்விடும். நாளைக்கு மட்டும் அது உம்முடையது.

அன்று பின்னேரம் உம்முடைய சட்டியில், உம்முடைய எண்ணெயில் ரோல்ஸ் பொரித்தேன். காலையில் மேவிசும் நானும் தார்ப்பாயைக் கட்டினோம். மெல்லிய மழை. ஒன்பது மணிக்கு மணி அடித்தது. மேசையைப் பிடித்துக்கொண்டேன். சனம் வந்தது, வாங்கியது, மழையைப் பற்றிக் கதைத்தது. நான் தலையாட்டினேன். தொப்பி போட்ட ஒரு கிழவர் நின்றபடியே ஒன்றைச் சாப்பிட்டார், என்னைப் பார்த்தார், மேவிசிடம் ஏதோ கேட்டார். மேவிஸ் பதில் சொன்னா. அவர் தலையை அசைத்துவிட்டு இன்னொன்று வாங்கிக்கொண்டு போனார். என்ன கேட்டார் என்றேன். நீ யார் என்று கேட்டார், பிந்தி வந்த சிநேகிதி என்று சொன்னேன் என்றா. மறுப்பதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலமை திரும்பி வந்துவிட்டேன். கோபத்தை அங்கே விட்டுவிட்டு வரலாம் என்று நினைத்தேன். அது என்னோடு ரயிலேறி வந்துவிட்டது. கடைத்திறப்பு எடுக்கவேண்டிய திங்கட்கிழமைக்கு உம்மோடு இன்னும் கோபம். பனிபெய்த வியாழக்கிழமைக்கு என்னோடு கோபம். இரண்டும் ஒன்றையொன்று தின்று முடிக்கும் என்று பார்த்தேன், முடிக்கவில்லை. ஞாயிறு பத்து மணிக்குக் கை ரெலிபோனுக்குப் போகிறது. மகளிடம் ஒருநாள் ஹேர்லியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பஸ்ஸால் இறங்கினால் இடக்கைப் பக்கம் என்றுதான் எனக்கும் வருகிறது. அவள் தன் கைத்தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, தமிழில், “பிறகு?” என்று கேட்டாள். சொன்னேன்.

லா சப்பலுக்கு நான் வந்து முப்பது வருடமாகப் போகிறது. இந்த ஸ்டேஷனுக்கு முன் இந்த நிலத்தில் என்ன இருந்தது, ரூ பஜோலுக்கு ஏன் அந்தப் பெயர், நான் தினமும் மிதிக்கிற கல்லை யார் பதித்தது, ஒன்றும் எனக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு வாசலுக்கு வாசல் நடக்க எனக்குத் தெரிந்த ஊர் உலகத்தில் ஒன்றே ஒன்று. அதில் நான் இருந்தது நாலு நாள்.